பாதிக் குப்பி மருந்து: பரேல் டாடா நினைவு மருத்துவமனையில் 14 மாதங்கள்

மும்பையில் தாதர் ரயில் நிலைய வாசலில் டாக்சி ஏறி "டாடா" என்று ஒரு சொல் சொன்னால் போதும்; ஓட்டுநர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பரேலில் எர்னஸ்ட் போர்ஜஸ் சாலையில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். என் தாய்மாமாவை முதன்முதலாக அங்கே அழைத்துச் சென்ற 2023 ஆடி மாதம் தொடங்கி, அவர் இறந்த 2024 புரட்டாசி வரை, அந்தச் சாலையில் எத்தனை முறை இறங்கினேன் என்று நான் கணக்கு வைக்கவில்லை. அந்தப் புற்றுநோய் மருத்துவமனையின் சேவையைப் பற்றி, அதிலும் குறிப்பாக, அங்கே நடக்கும் மருந்து ஆராய்ச்சியின் பலன் வசதியில்லாத ஒரு நோயாளியின் உடம்பு வரை எப்படி வந்து சேர்கிறது என்பதைப் பற்றி, ஊரிலிருந்து யாரையேனும் அழைத்து வரலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மாமாவுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். நாற்பது ஆண்டுகளாக வெற்றிலையோடு புகையிலையை ஒதுக்கிவைத்த இடது கன்னத்தில் புண் வந்தபோது, உள்ளூரில் பார்த்த மருத்துவர் ஒருவர் மூன்று மாதம் வைட்டமின் மாத்திரையும் தடவும் மருந்தும் கொடுத்துக் காலத்தைக் கடத்திவிட்டார். பிறகு பயாப்சி, அறுவை சிகிச்சை, ரேடியேஷன் எல்லாம் முறையாகவே நடந்தன. ஆனாலும் ஓராண்டுக்குள் தாடைக்குக் கீழே கட்டி திரும்பி வந்தது. இனி அறுத்துப் பயனில்லை என்றார்கள். நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில், இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சை) கொடுக்கலாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி, மாதத்துக்குப் பல லட்சம் ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். வேறு வழி உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்றே பதில் வந்தது. அத்தை அந்தத் தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தார், அன்று இரவே எனக்குத் தொலைபேசியில், "நாலு ஏக்கரையும் வித்தா எத்தனை ஊசி போடலாம்மா?" என்று கேட்டார். நான் மும்பையில் செம்பூரில் குடியிருக்கிறேன். நிலத்தை விற்க வேண்டாம், முதலில் நாகர்கோவில் ரயிலைப் பிடித்து தாதருக்கு வாருங்கள் என்று சொன்னேன்.

மருத்துவமனையின் பெயரில் இருக்கும் "நினைவு" யாருடைய நினைவு என்பது அங்கே வரிசையில் நிற்கும் பலருக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் முதலில் தெரியாது. ஜாம்செட்ஜி டாடாவின் மூத்த மகன் தொராப்ஜி டாடா. அவருடைய மனைவி மெஹர்பாய் 1931 ஜூன் 18 அன்று, வேல்ஸ் நாட்டில் சிகிச்சையில் இருந்தபோது, ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அடுத்த ஆண்டு மார்ச் மாதம் தொராப்ஜி தம் சொத்து முழுவதையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். ஏப்ரலில் மனைவியின் பெயரால், ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்றே இன்னொரு அறக்கட்டளையைத் தொடங்கினார். மனைவிக்காக வாங்கிய 245 காரட் ஜூபிலி வைரமும் அந்தச் சொத்தில் சேர்ந்தது. 1924ஆம் ஆண்டு ஜாம்ஷெட்பூர் இரும்பாலை சம்பளம் கொடுக்கவே தடுமாறியபோது, வங்கிக் கடனுக்கு ஈடாக வைக்கப்பட்ட சொத்துகளில் அந்த வைரமும் இருந்ததென்பார்கள். தொராப்ஜி இறந்த பிறகு அது விற்கப்பட்டு, பணம் அறக்கட்டளைக்கே சென்றது. மனைவியின் கல்லறையைப் பார்க்க இங்கிலாந்துக்குப் புறப்பட்டவர், வழியில் ஜெர்மனியின் பாட் கிஸ்ஸிங்கன் நகரில் 1932 ஜூன் 3 அன்று இறந்தார். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு இரண்டு வாரமே இருந்தது. இருவரும் இங்கிலாந்தில் பிரூக்வுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

மருத்துவமனையைக் கட்டியவர்கள் தொராப்ஜி சொத்தை எழுதிவைத்த முதல் அறக்கட்டளையின் பொறுப்பாளர்கள். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று, 80 படுக்கைகளோடு பரேலில் அது திறக்கப்பட்டது. புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை என்பதே இந்தியாவில் அரிதாக இருந்த காலம். பிறகு நடந்ததைத்தான் நான் இந்தக் கொடையின் மிகச் சிறந்த பகுதியாகக் கருதுகிறேன். 1957இல் மத்திய சுகாதார அமைச்சகம் மருத்துவமனையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1962இல் அது அணுசக்தித் துறைக்கு மாறியது. அப்போது அந்தத் துறையை நடத்தியவர் ஹோமி பாபா. அவர் மெஹர்பாயின் உடன்பிறந்த சகோதரரின் மகன், அதாவது மருமகன். அத்தையின் நினைவாக எழுந்த மருத்துவமனை மருமகனின் துறைக்கு வந்து சேர்ந்தது. 1966இல் பக்கத்திலேயே இருந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமும் மருத்துவமனையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இணைந்தன. கொடுத்த குடும்பம் தன் பெயரை விட்டுவைத்தது, பிடியை விட்டுவிட்டது. இன்று அதன் அன்றாடச் செலவில் பெரும்பகுதியை ஏற்பது அரசு. மருத்துவர்கள் அங்கே சம்பளம் வாங்கும் ஊழியர்கள். எந்த மருந்தை எவ்வளவு எழுதினாலும் அவர்கள் வருமானம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. மாமாவுக்குக் கிடைத்த சிகிச்சைக்கும் இதற்கும் நேரான தொடர்பு உண்டு என்பதால்தான் இவ்வளவு பழைய கதையைச் சொன்னேன்.

முதல் நாள் பதிவுக்கு விடியற்காலையிலேயே போய்விட்டோம். நாட்டின் எல்லா மாநிலங்களிலிருந்தும், பக்கத்து நாடுகளிலிருந்தும் கூட நோயாளிகள் வருகிறார்கள் என்பதால், அங்கே கூட்டம் என்பது விதிவிலக்கல்ல, அன்றாட நிலை. பொதுப் பிரிவு, தனியார் பிரிவு என்று பதிவு இரண்டு வகை. கட்டணமும் காத்திருக்கும் நேரமும் வேறுபடும். பார்க்கிற மருத்துவர் குழு ஒன்றுதான். வசதி குறைந்தவர்கள் தயங்காமல் பொதுப் பிரிவில் பதிந்துகொள்ளலாம். பதிவு முடிந்ததும் ஒரு ஃபைல் எண்ணும், பணம் போட்டுவைத்துப் பயன்படுத்தும் ஸ்மார்ட் கார்டு ஒன்றும் கொடுப்பார்கள். ரத்தப் பரிசோதனையா, ஸ்கேனா, மருந்தா, எல்லாம் அந்தக் கார்டில்தான் கழியும். ஒவ்வொரு கவுன்டரிலும் ரூபாய் எண்ணிக்கொண்டு நிற்கத் தேவையில்லை என்பது, வலியோடு ஓர் ஆளைக் கைத்தாங்கலாகப் பிடித்து நிற்பவருக்குப் பெரிய ஆறுதல். மருத்துவ சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று உண்டு. பணம் போதாதவர்களுக்கு எந்த நிதியில் உதவி கிடைக்கும் என்று பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை. அதை முதல் வாரத்திலேயே நாடுவது நல்லது.

மொழி ஒரு தடைதான். இந்தியும் மராத்தியும் ஓடுகிற இடத்தில் மாமாவுக்குத் தெரிந்த இந்தி "பானி" ஒன்றுதான். நான் உடனிருந்ததால் சமாளித்தோம். தனியாக வருபவர்கள் மாதுங்காவிலோ தாராவியிலோ செம்பூரிலோ இருக்கும் உறவினரை, ஊர்க்காரரை, முதல் இரண்டு மூன்று முறையாவது கூட்டிக்கொண்டு போவது அவசியம் என்பேன். மும்பைத் தமிழர்கள் இந்த உதவியை மறுப்பதில்லை; "டாடாவுக்கு" என்று சொன்னால் அலுவலகத்தில் விடுப்புக் கூடக் கேள்வியில்லாமல் கிடைக்கும் ஊர் இது.

தலை, கழுத்துப் புற்றுநோய்க் குழுவின் மருத்துவர் பழைய அறிக்கைகளை எல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, நோயை முற்றிலும் நீக்க இயலாது, ஆயுளையும் உண்ணும் உறங்கும் நிலையையும் நீட்டிக்க முயலலாம் என்று சுற்றி வளைக்காமல் சொன்னார். தினமும் விழுங்கும் இரண்டு வகை மாத்திரைகள், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசி 20 மில்லிகிராம். நான் கைப்பையிலிருந்து அந்தத் தனியார் மருத்துவமனைத் தாளை எடுத்துக் காட்டினேன். அதிலும் அதே நிவோலுமாப்தான் எழுதியிருந்தது; ஆனால் அளவு 240 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஆறு வாரத்துக்குக் கணக்குப் பார்த்தால் அங்கே 720, இங்கே 40. பதினெட்டில் ஒரு பங்கு. இவ்வளவு குறைவாகக் கொடுத்தால் வேலை செய்யுமா, ஏழைக்கென்று குறைத்துக் கொடுக்கிறார்களா என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. கேட்டேன். மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை, இது தர்மத்துக்குக் குறைத்த அளவு அல்ல, இங்கேயே சோதித்துப் பார்த்த அளவு என்று விளக்கினார்.

அந்தச் சோதனையை நான் பிறகு தேடிப் படித்தேன். நோயை எதிர்க்கும் நம் உடம்பின் டி செல்களில் பிடி-1 என்ற, பிரேக் போன்ற ஒரு நிறுத்துக் கட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த ஜப்பானிய அறிவியலாளர் தசுக்கு ஹோன்ஜோ 2018இல் நோபல் பரிசு பெற்றார். புற்றுநோய் அந்தக் கட்டையை அழுத்திப் பிடித்து, தன்னைத் தாக்க வரும் செல்லை நிறுத்திவிடுகிறது. நிவோலுமாப் போய் அந்தக் கட்டையை மூடிக்கொண்டால் செல் மறுபடி நகரும். மருந்தின் தொடக்ககால ஆய்வுகளிலேயே, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் கொடுத்தாலும் 10 மில்லிகிராம் கொடுத்தாலும் மூடப்படும் கட்டைகளின் பங்கு ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பது தெரிந்திருந்தது. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி போதும். கொத்துச் சாவியைக் கொண்டுவந்தாலும் பூட்டு ஒருமுறைதான் திறக்கும். ஆயினும் சந்தைக்கு வந்தது பெரிய அளவுதான். சிறிய அளவு போதுமா என்று சோதிக்க, அந்த மருந்தை விற்கும் எந்த நிறுவனத்துக்கும் காரணம் இல்லை. இந்தியாவில் இவ்வகை மருந்து தேவைப்படுபவர்களில் நூற்றுக்கு மூவருக்குக் கூட அது எட்டுவதில்லை என்பதை அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்த டாடா மருத்துவர்களுக்குக் காரணம் இருந்தது.

தலை, கழுத்துப் புற்றுநோய் திரும்பி வந்த அல்லது பரவிய 151 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாத்திரைகள் மட்டும், மறு பாதிக்கு அதே மாத்திரைகளோடு 20 மில்லிகிராம் நிவோலுமாப் என்று கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 16.3 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 43.4 விழுக்காடு. கடுமையான பக்க விளைவுகள் கூடவில்லை. 2022இல் அமெரிக்காவின் முன்னணிப் புற்றுநோய் ஆய்விதழில் இது வெளிவந்தது. இதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். அந்த ஆய்வு சிறிய அளவை முழு அளவோடு ஒப்பிடவில்லை. ஊசியே இல்லாத நிலையோடு ஒப்பிட்டது. ஆகவே "முழு அளவுக்கு இது சமம்" என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது. முழு அளவு வாங்க முடியாத பெரும்பாலோருக்கு, எதுவுமே இல்லாமலிருப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்று சொல்லலாம். மருத்துவரும் எங்களிடம் அவ்வளவுதான் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை. இன்னொன்று: இரண்டாம் பிரிவிலும் சரிபாதிப் பேர் சுமார் 10 மாதத்துக்குள் இறந்தார்கள். அந்த எண்ணையும் மறைக்காமல் சொன்னார்கள். மாமா அதைக் கேட்டுவிட்டு, "பத்து மாசம்னா ஒரு வெள்ளாமை எடுத்துரலாம்லா" என்றார்.

ஊசி போடும் டே கேர் பிரிவில் நான் பார்த்த ஒரு காட்சியை எழுதாமல் விட முடியாது. நிவோலுமாப் 40 மில்லிகிராம் குப்பியாக வருகிறது. அதில் நாலு மில்லி திரவம். ஒருவருக்குத் தேவை 20 என்றால் ஒரு குப்பி இருவருக்குச் சரியாக வரும். திறந்த குப்பியை நாளைக்கென்று வைத்திருக்க முடியாது என்பதால், இருவரும் ஒரே நாளில் வந்தால்தான் மருந்தும் வீணாகாது, செலவும் பாதியாகும். மாமாவோடு அப்படி ஒரே நாளில் வந்தவர் பீகாரில் தர்பங்காவைச் சேர்ந்த ஒரு தையல்காரர். அவருக்கும் கன்னத்தில்தான் நோய். செவிலியர் ஒரே குப்பியின் மருந்து இருவர் பெயருக்கும் பிரிவதை இந்தியில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். மாமா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்போ இவரு நமக்குப் பங்காளி முறையாம்மா" என்றார். அதை நான் இந்தியில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஒரே சொத்தைப் பிரித்துக்கொண்ட சகோதரர் என்று சொன்னேன். அவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மூன்றாம் வாரமும் இருவரும் ஒருவருக்கொருவர் காத்திருந்து, மொழியே இல்லாமல், அருகருகே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். சுமார் அரை மணி நேரத்தில் ஊசி முடிந்துவிடும். பிரிய மனமில்லாமல் இன்னொரு அரை மணி இருப்பார்கள். மாமாவுக்கு வாயைத் திறக்க முடியாமலிருந்த நிலை மெதுவாகத் தளர்ந்து, மூன்றாவது ஊசிக்குப் பிறகு குழைந்த சோறும் பருப்பும் உண்ணத் தொடங்கினார். அந்தப் புரட்டாசிப் பட்டத்துக்கு இரண்டு ஊசிகளுக்கு இடையில் ஊருக்குப் போய், உளுந்து விதைப்பைப் பார்த்துவிட்டு வந்தார். தையில் அறுப்பையும் பார்த்தார்.

குறைந்த செலவில் கூடுதல் பலன் உண்டா என்று கேட்கும் ஆராய்ச்சி அங்கே ஒற்றை நிகழ்ச்சி அல்ல, ஒரு பழக்கமாகவே வேரூன்றியிருக்கிறது. மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில், கட்டியை எடுப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு, அதைச் சுற்றி லிடோகெய்ன் என்ற சாதாரண மரத்துப்போகும் ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். பல் பிடுங்கும்போது போடும் அதே மருந்து. டாடாவின் தலைமையில் 11 மையங்களில் சுமார் 1,600 பெண்களிடம் நடந்த அந்தச் சோதனையில், ஐந்தாண்டு உயிர் பிழைத்திருந்தவர்களின் பங்கு 86.4 விழுக்காட்டிலிருந்து 90.1 விழுக்காடாக உயர்ந்தது. கீமோ வாந்தியைத் தடுக்கும் ஓலன்சபின் மாத்திரையை 10 மில்லிகிராமுக்குப் பதில் 2.5 கொடுத்தால் போதும் என்று 2024இல் காட்டினார்கள். வாந்தி கட்டுப்படுவதில் வேறுபாடில்லை, பகலெல்லாம் தூங்கி வழிவது மட்டும் வெகுவாகக் குறைந்தது. கீமோ நாளில் நோயாளி உட்கார்ந்து பேச முடிகிறதா, சுருண்டு கிடக்கிறாரா என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அதை ஓர் ஆராய்ச்சிக் கேள்வியாக எடுத்துக்கொண்ட மருத்துவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். இவை எதிலும் புதிய மூலக்கூறு இல்லை, காப்புரிமை இல்லை. ஆகவே சந்தைக்கும் இவற்றில் ஆர்வம் இல்லை.

மெஹர்பாயைக் கொண்டுபோன ரத்தப் புற்றுநோயிலும் இந்த மருத்துவமனையின் பங்கு பெரிது. 1980களில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இந்தியச் சூழலுக்கு ஏற்ற எம்சிபி-841 என்ற மருந்து வரிசையை டாடாவும், தில்லி எய்ம்ஸும், நம் அடையாறு புற்றுநோய் நிலையமும் பின்பற்றி, குணமாகும் குழந்தைகளின் எண்ணிக்கையை வெகுவாக உயர்த்தின. அடையாறு நிலையமும் ஒரு குடும்பத் துயரிலிருந்து பிறந்ததுதான். உடன்பிறந்த தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். அண்மையில், நோயாளியின் டி செல்லையே எடுத்து மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சையை, ஐஐடி பம்பாயும் டாடாவும் சேர்ந்து இந்தியாவிலேயே உருவாக்கின. 2023 அக்டோபரில் அதற்கு அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் ஆகும் செலவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்கிறார்கள். அந்தப் பத்தில் ஒரு பங்கே பல லட்சம் ரூபாய் என்பதால், பாதிக் குப்பி நிவோலுமாப் எளியவர் கைக்கு வந்ததைப் போல அது இன்னும் வரவில்லை. வர வேண்டும் என்று விரும்புகிறேன். மெஹர்பாய் பெயரிலான அறக்கட்டளை இன்றும் இயங்குகிறது. அதன் வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கு உலகின் எந்த நாட்டிலும் ரத்தப் புற்றுநோயை ஆராய்பவர்களுக்கு, ஒரு பங்கு இந்தியாவுக்கு என்பது தொராப்ஜி வகுத்த ஏற்பாடு. தம் மனைவியின் நோய்க்கு எந்த நாட்டில் மருந்து பிறந்தாலும் சரி என்று நினைத்த மனிதரை என்னால் நன்றாகப் புரிந்துகொள்ள முடிகிறது.

தங்குமிடம் பற்றிச் சொல்ல வேண்டும். சிகிச்சை மாதக் கணக்கில் நீள்வதால், மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதையிலேயே அடுப்பு வைத்துக் குடும்பங்கள் தங்கியிருப்பதை அந்தப் பக்கம் போகிறவர்கள் அனைவரும் பார்க்கலாம். தாதரில் காட்கே மகராஜ் தர்மசாலையும், பரேலில் நானா பால்கர் நினைவு அமைப்பின் விடுதியும் குறைந்த கட்டணத்தில் இடம் தருகின்றன. குழந்தை நோயாளியென்றால் செயின்ட் ஜூட் இந்தியா மையங்களில் குடும்பத்தோடு தங்கலாம். எல்லாவற்றுக்கும் மருத்துவமனையின் கடிதமோ ஃபைலோ தேவை, இடம் உடனே கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சிகிச்சையின் தரத்துக்குத் தயங்காமல் முழு மதிப்பெண் கொடுக்கும் நான், வெளியூர் ஏழைக் குடும்பம் இரவில் எங்கே படுக்கும் என்ற கேள்விக்கு இந்த நகரம் இன்னும் போதிய விடை தரவில்லை என்றே சொல்வேன். அறம் செய்ய நினைக்கும் குடும்பங்கள் ஆய்வகத்துக்குக் கொடுப்பதைப் போலவே ஒரு கூரைக்கும் கொடுக்கலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர்களில் பலர் மருந்து கிடைக்காமல் திரும்புவதில்லை.

2024 ஆடியில் கட்டி மறுபடி வளரத் தொடங்கியது. மருந்து தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது, இனி ஊசி வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். வலி நிவாரணப் பிரிவுக்கு அனுப்பி, மார்ஃபின் மாத்திரை எப்படிக் கொடுப்பது, மலச்சிக்கலுக்கு என்ன செய்வது, புண்ணை எப்படிக் கழுவுவது என்று அத்தைக்குப் புரியும் வரை, என் மூலமாக, முக்கால் மணி நேரம் சொல்லிக் கொடுத்தார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று கைவிரிக்கும் இடங்களைப் பார்த்திருந்த எங்களுக்கு அந்த முக்கால் மணி நேரம் எவ்வளவு பெரிது என்று சொல்லத் தெரியவில்லை. மாமா புரட்டாசியில், தம் வீட்டுத் திண்ணைக்கு அடுத்த அறையில், அதிக வலியில்லாமல் இறந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊர்ச்சாப்பாடு போட ஒதுக்கியிருந்த பணத்தில், வீட்டளவில் மட்டும் சமைத்துப் படைத்துவிட்டு, மீதியை அத்தை எனக்கு அனுப்பினார். சொந்தக்காரர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். மருத்துவமனையில் நன்கொடை பெறும் இடத்தில் கட்டினேன். யார் பெயரில் ரசீது என்று கேட்டார்கள். மாமா பெயரைச் சொன்னேன். ரசீதைப் படம் எடுத்து அனுப்பியதும் அத்தையிடமிருந்து அழைப்பு வந்தது. "எத்தனை பாதிக் குப்பி வரும்மா?" என்று கேட்டார். எந்த நிதிக்குப் போகும், எதற்குச் செலவாகும் என்பதை மருத்துவமனை முடிவு செய்யும் அத்தை என்றேன். "அதுவும் சரிதான், அவங்களுக்குத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டார். ரசீது மாமாவின் ஃபைலோடு மரப்பெட்டியில் இருக்கிறது.

யார் வரலாம், யார் வர வேண்டியதில்லை என்பதைச் சொல்லி முடிக்கிறேன். நோய் புதிதாகத் தெரிந்து, வழக்கமான அறுவை சிகிச்சையும் ரேடியேஷனும் போதும் என்ற நிலையில் இருப்பவர்கள், அதற்காக மட்டும் தமிழ்நாட்டிலிருந்து ஒன்றரை நாள் பயணம் செய்து மும்பை வரத் தேவையில்லை. நாடு முழுவதும் முந்நூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளை இணைக்கும் தேசியப் புற்றுநோய் வலையத்தை 2012 முதல் டாடா நடத்திவருகிறது. அதில் சேர்ந்த மருத்துவமனைகள் ஒரே சிகிச்சை நெறிமுறைகளைப் பின்பற்றுகின்றன, மருந்துகளைக் கூட்டாக விலை பேசி வாங்குகின்றன. அடையாறும் அதில் ஒன்று. நோய் திரும்பி வந்து, உள்ளூரில் வழி தெரியாமல் நிற்பவர்களும், அரிய வகைப் புற்றுநோய் உள்ளவர்களும், பெரிய தொகையை எழுதிக் கொடுத்து வேறு வழியில்லை என்று சொல்லப்பட்டவர்களும் ஒருமுறை வந்து கருத்துக் கேட்கலாம். வரும்போது அறிக்கைத் தாள்கள் மட்டும் போதாது. பயாப்சி செய்த இடத்திலிருந்து ஸ்லைடுகளையும் திசு பதித்த மெழுகுக் கட்டைகளையும் கேட்டு வாங்கி வர வேண்டும், ஸ்கேன் சிடியையும் மறக்கக் கூடாது. இல்லையென்றால் அவற்றுக்காக மறுபடி ஊருக்கு ஆள் அனுப்ப நேரும். ஆதாரோடு குடும்ப அட்டையையும் எடுத்து வாருங்கள்; கட்டணச் சலுகைக்குக் கேட்பார்கள். மருத்துவரைப் பார்க்கும்போது, இந்த மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்துச் செய்த ஆய்வு இருக்கிறதா, அது என் நோயாளிக்குப் பொருந்துமா, பொருந்தினால் முதல் சில ஊசிகளுக்குப் பிறகு எங்கள் ஊருக்கு அருகிலேயே தொடரலாமா என்ற மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கேளுங்கள். பதில் சொல்வார்கள்.